பிளந்த பாறையின் கல்லடுக்கு

டெல்ஃபீனா ரூப்பனுக்கு மன்னிக்கத் தெரியாது என்று பனிமலை அடிவாரத்து ஏகர்டன் ஊரில் பேசிக்கொள்வார்கள். தெரியாமல் என்ன? ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். இரவல் வாங்கிய சைக்கிள் பம்பைத் தொலைத்தவனை மன்னித்திருக்கிறாள். விட்டுவிட்டுப் போன புருஷனைக்கூட மன்னித்தாள். அதற்கு ஒரு குளிர்காலம்தான் பிடித்தது. எஃப்ரேம் பூமனை மட்டும் மன்னிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு வேலையை அவள் செய்யாமல் வைத்திருந்தாள், வேண்டுமென்றே.

நாற்பத்தொன்பது வயது. மலை வழிகாட்டி. குட்டை உருவம், அகலத் தோள். வலது தோளில் சைக்கிள் சட்டம் உட்கார்ந்து உட்கார்ந்து தோல் காய்த்துப்போன ஒரு பட்டை உண்டு. கால்மென் பனியாற்றைக் கடக்கும் வழியில் சைக்கிள் நம்மைச் சுமப்பதைவிட நாம் அதைச் சுமப்பதே அதிகம். முதல் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே, மேலே இரவு தங்குகிற குடிலுக்கு ஏற வேண்டும். மறுநாள் விடிந்ததும், வெயில் ஐஸை இளக்குவதற்குள், சைக்கிளைத் தோளில் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு பனியாற்றைத் தாண்ட வேண்டும். அதற்கப்புறம்தான் ஏறி உட்கார்ந்து மிதிக்கிற பாக்கியம்.

இருபத்திரண்டு வயதில் முதல்முறை அவள் சைக்கிளோடு பனியில் இறங்கியபோது, மேய்ச்சல்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "ஒரு மாட்டையும் ஓட்டிட்டுப் போம்மா, வழியில பால் கறந்து குடிச்சுக்கலாம்!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று கோடை தேடி, பனியாறு முடிகிற இடத்திலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டர் கீழே வரை சைக்கிளிலேயே இறங்கக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்று கையால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்த வழி. அப்போது கயிற்றின் மறுமுனையில் இருந்த கூட்டாளிதான் எஃப்ரேம். உயரமானவன், பல்வரிசை நன்றாக இருக்கும், பேச்சும் நன்றாக இருக்கும். கல் தேடுகிற நாட்களில் அவனுக்கு முதுகு வலிக்கும். படம் எடுக்க யாராவது வந்தால் வலி போய்விடும்.

பனியாறு வருஷா வருஷம் சுருங்குகிறது. போன வருஷ வழி இந்த வருஷ வழி இல்லை. அதனால் ஜூனில் முதலில் கடக்கிற வழிகாட்டி, திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் அடையாளத்துக்கு இடுப்பளவு கல்லடுக்கு கட்டி, குடிலில் இருக்கும் வழி நோட்டில் வழியை எழுதிவைப்பார். நோட்டில் எழுதியிருப்பதை எழுதினவன் உன் எதிரியாக இருந்தாலும் நம்ப வேண்டும். ஒரு கல்லடுக்கை நீ தெரிந்தோ தெரியாமலோ தள்ளிவிட்டால், அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் திரும்பக் கட்ட வேண்டும். யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை. ஆனால் அந்த மலையில் வேறு எதை மீறினாலும் மன்னிப்பு உண்டு, இதை மீறினால் கிடையாது.

டெல்ஃபீனாவுக்குச் சொந்தப் பழக்கம் ஒன்றும் இருந்தது. அடுக்கின் அடியில் மூன்று தட்டைக் கற்களைச் சேர்த்து வைப்பாள். நடுக்கல்லுக்குக் கீழே, அந்த வருஷம் தேய்ந்துபோன பிரேக் தட்டு ஒன்றில் ஆணியால் வருஷத்தைக் கீறிப் புதைப்பாள். "பழைய இரும்பு போடற இடமா இது?" என்று எஃப்ரேமே கேலி செய்திருக்கிறான்.

2012 ஜூனில் பிளந்த பாறைக்குப் பக்கத்தில் அப்படித்தான் ஓர் அடுக்கு கட்டினாள். ஜூலை பதினாறாம் தேதி எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். பனியாற்றின் முடிவில் ஒருவருக்கு டயர் பஞ்சர். ஒட்டுப்போட அவள் அவரோடு நின்றுவிட்டு, மற்றவர்களிடம் சொன்னாள்: "வளைவு திரும்பினதும் ஒரு கல்லடுக்கு இருக்கும். அதுகிட்ட போய் நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது."

சொன்னபடியே செய்தார்கள். வளைவு திரும்பினார்கள், அடுக்கைப் பார்த்தார்கள், பக்கத்தில் போய் நின்றார்கள். அது பிளந்த பாறைக்கு நாற்பது அடி கீழே, உள்ளே தண்ணீர் குடைந்த ஐஸின் விளிம்பில் நின்ற அடுக்கு. தரை உடைந்தது. ஆறு பேர் தாவித் தப்பித்தார்கள். பெர்ன் நகரத்துப் பள்ளி வாத்தியார் ரூடி ஏஷ்லிமன் சைக்கிளோடு விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கியது. அதற்கப்புறம் அவர் சைக்கிள் ஏறவில்லை.

அங்கே எப்படி வந்தது அந்த அடுக்கு என்று டெல்ஃபீனாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் முன்னால் எஃப்ரேம் ஒரு விளம்பரப் புகைப்படத்துக்காக அங்கே போயிருந்தான். பிளந்த பாறையிலிருந்து சைக்கிளோடு பறக்க வேண்டும். அடுக்கு குறுக்கே நின்றது. தள்ளிவிட்டுப் பறந்தான். பறந்தவன் கீழே போய் நின்றான். வழக்கம் ஞாபகம் வந்திருக்கிறது, பாவம். ஆனால் மேலே ஏற அலுப்பு. நின்ற இடத்திலேயே கையில் கிடைத்த கற்களை அடுக்கிவிட்டான். தள்ளினது ஒன்று, கட்டினது ஒன்று, கணக்குச் சரி. இந்த மலையில் பிறந்தவனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது. வெளியூர்க்காரனாக இருந்தால் தள்ளிவிட்டுப் பேசாமல் போயிருப்பான், ரூடியும் வெறும் பாதையில் நின்று அவளுக்காகக் காத்திருந்திருப்பார்.

வழிகாட்டிகள் சங்கம் விசாரணை வைத்தது. அதற்குள் ஆகஸ்டில் மேலிருந்து கல்லும் மண்ணும் சரிந்து பிளந்த பாறையையே மூடிவிட்டது. காட்ட ஒன்றுமில்லை. எஃப்ரேம் தன் விளம்பரப் படத்தின் உள்ளங்கையளவு பிரதி ஒன்றை மேசைமேல் வைத்தான்.

"பாருங்க, தேதி ஜூலை பதினாலு. பிளந்த பாறைகிட்ட அடுக்கே இல்ல. இவ எழுதினது ஒரு இடம், கட்டினது வேற இடம்." அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பாவம், இந்த வருஷம் அவளுக்கு வீட்டுல பிரச்சினை. புருஷன் போயிட்டான். மனசு சரியில்ல. ரொம்பக் கடுமையா தண்டிக்காதீங்க" என்றான்.

அவள் பிரேக் தட்டைப் பற்றிச் சொன்னாள். உடைந்த விளிம்பில் மிஞ்சி நின்ற கீழ் அடுக்கை அன்றைக்கே பிரித்துப் பார்த்தபோது தட்டு இல்லையே, அது தன்னுடையது இல்லையே என்று கத்தினாள். "ஒரு இரும்புத் துண்டு இல்லைங்கிறது எதுக்கும்மா சாட்சி?" என்று கேட்டார் தலைவர். மூன்று வருஷம் அவளுடைய வழிகாட்டி பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டார்கள். எழுதினது ஒன்று, கட்டினது ஒன்று: ஒரு வழிகாட்டிக்கு இதைவிடக் கேவலமான பெயர் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.

அந்த மூன்று வருஷமும் வாடகை சைக்கிள் கடையின் நிலவறையில், பிறர் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்த சைக்கிள்களின் சேற்றைக் கழுவினாள். ரூடியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "நீங்கள் ஒரு கல்லைத் தப்பான இடத்தில் வைத்தீர்கள். நான் நடக்கிற ஒவ்வொரு அடியிலும் அது குத்துகிறது" என்று மட்டும் எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தாள், எழுதினாள், கிழித்தாள். நான் வைக்கவில்லை என்று எழுதினால் நம்புவாரா? கடைசியில் அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சைக்கிள் சீட்டுக்கு அடியில் தொங்கும் சாமான் பையில், ஒட்டுப்போடும் பசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

எஃப்ரேம் சங்கத் தலைவரானான். அவன் பறக்கிற படத்தைக் கதவளவு பெரிதாக்கிக் குடிலின் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். பேட்ஜ் திரும்பக் கிடைத்தபின் ஒவ்வொரு வருஷமும் டெல்ஃபீனா அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்றாள். ஒவ்வொரு ஜூனிலும் முதல் ஆளாகப் பனியாற்றைக் கடந்தாள். வேறு எவனும் முந்திக்கொள்ள விடவில்லை. எல்லோரும் அதை அவளுடைய வீம்பு என்றார்கள். வீம்புதான்.

இந்த ஜூனில் அது பலித்தது.

பனிக்காலம் முழுக்கப் பெய்த பனி ஒரேயடியாய் உருகி, ஓடை தடம் மாறியிருந்தது. சரிந்து கிடந்த கல்லையும் மண்ணையும் அது அடித்துக்கொண்டு போக, பிளந்த பாறை குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. பாறையடியில் மூன்று தட்டைக் கற்கள், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு. டெல்ஃபீனா சைக்கிளை அப்படியே கீழே போட்டாள். நடுக்கல்லின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். தட்டு இருந்தது. துரு கல்லுக்குள் ஊறிச் சிவப்பாய் வட்டம் போட்டிருந்தது. ஆணியால் கீறிய 2012 தெரிந்தது. அவள் அழவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு, அதன்மேல் புது அடுக்கு கட்டாமல், அதற்கு நேர் எதிரே தனியாக ஒன்று கட்டினாள்.

பனியாற்றைத் திரும்பக் கடந்து குடிலுக்கு வந்தாள். அன்று வியாழக்கிழமை. குடில் சனிக்கிழமைதான் திறக்கும். குடில்காரர் கமில் மட்டும் போர்வைகளை வெயிலில் உதறிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவள் வழி நோட்டை எடுத்து இரண்டு மணி நேரம் எழுதினாள். கமில் வந்து தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கையிலிருந்த போர்வை நழுவியது.

"அடிப்பாவி! சனிக்கிழமை பெரிய குழுவோட வர்றது யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியாமலா எழுதறேன்?"

"வழியை மட்டும் எழுதக் கூடாதா?"

"வழியைத்தான்டா எழுதியிருக்கேன். எதை விட்டாலும் வழி போயிடும், படிச்சுப் பாரு."

கமில் மறுபடி படித்தார். நோட்டை மூடினார். "சனிக்கிழமைக்கு பார்லி சூப் வைக்கலாம்னு இருக்கேன். நீயும் இருந்துட்டுப் போயேன்" என்றார்.

சூப்புக்கும் நோட்டுக்கும் சம்பந்தம் உண்டு. கடக்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், இருப்பதிலேயே பெரிய குழுவின் வழிகாட்டி நோட்டின் கடைசிப் பதிவை எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்க வேண்டும். ஓர் எழுத்து விடக் கூடாது. வாசித்தவர் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் மறுநாள் குழுவை நடத்த முடியாது. எப்போதோ ஒருவன், சூப் ஆறுகிறது என்று ஒரு வரியை விட்டு வாசித்தான். அந்த ஒரு வரியால் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து வாசித்து முடிக்கும்வரை யாருக்கும் சூப் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் பனிமேல் இருந்தது. எஃப்ரேமின் குழுவில் இருபது பேர். நாள் முழுக்க சைக்கிள் தள்ளி வந்த பசி அவர்கள் முகத்தில் தெரிந்தது. எஃப்ரேமுக்கும் தலை நரைத்துவிட்டது, பல்வரிசை மட்டும் அப்படியே. மூலையில் டெல்ஃபீனாவைப் பார்த்ததும் கையை விரித்தான்.

"அட, நீயும் இருக்கியா! இந்தம்மாதான் வருஷா வருஷம் நமக்கு முன்னாடி போய் வழி பாத்து வைக்கறவங்க. கை தட்டுங்க!"

தட்டினார்கள். அவளும் சிரித்தாள். கமில் கரண்டியோடு வந்து சூப் பானைக்குப் பக்கத்தில் நின்றார். எஃப்ரேம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டைத் திறந்து, நல்ல கணீர்க் குரலில் ஆரம்பித்தான்.

"பனியாறு முடியும் இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கவும். நூற்றிருபது அடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் பிளந்த பாறை வரும். அது எதுவென்று தெரியாதவர்கள் இந்த அறைச் சுவரில் உள்ள படத்தைப் பார்க்கவும்."

இருபது தலைகள் திரும்பின. எஃப்ரேமுக்குப் பெருமை. "நான்தான் அது. தலை நரைக்கறதுக்கு முன்னாடி பறந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

"பறக்கிறவரின் பின்சக்கரத்துக்குக் கீழே மூன்று தட்டைக் கற்கள் ஒட்டி ஒட்டி இருப்பதைக் கவனிக்கவும். அவை..."

நின்றான். கண் மட்டும் கீழே கீழே ஓடியது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். டெல்ஃபீனா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அவன் ஒரு வரி தாண்டினால் எழுந்து நிற்பது என்று வைத்திருந்தாள்.

"இங்க கொஞ்சம் சொந்த விஷயம் எழுதியிருக்கு" என்றான் எஃப்ரேம். "உங்களுக்கு எதுக்கு அது? வழியை மட்டும் சொல்லிடறேன்."

"அந்தப் பலகையில விடக் கூடாதுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பருத்த அம்மாள். கதவுக்கு மேலே வழக்கத்தை எழுதிய பலகை தொங்கியது. இரண்டு வருஷம் முன்னால் மாட்டியது. அடியில் தலைவர் எஃப்ரேம் பூமன் என்று பெயர்.

"முழுசும் வாசிப்பா. சூப் ஆறுது" என்றார் கமில்.

எஃப்ரேம் டெல்ஃபீனாவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவன் வாசித்தான். குரலில் கணீர் போய்விட்டது.

"அவை 2012 ஜூனில் நான் கட்டிய அடுக்கின் அடிக்கற்கள். மேலே இருந்தவற்றை எஃப்ரேம் பூமன் இந்தப் படத்துக்காகத் தள்ளிவிட்டார். திரும்பக் கட்டும்போது மேலே ஏற அலுப்புப்பட்டு, நாற்பது அடி கீழே கட்டினார். அந்தக் கீழிடத்துக்கு நாளை யாரும் போகக் கூடாது. இன்றும் அடியில் தண்ணீர் ஓடுகிறது. ரூடி ஏஷ்லிமன் விழுந்தது அங்கேதான். மூன்று கற்களில் நடுக்கல்லின் கீழே என் பிரேக் தட்டு இருக்கிறது. துரு கல்லில் ஊறியிருப்பதை நீங்களே தூக்கிப் பாருங்கள். பன்னிரண்டு வருஷத் துருவை யாரும் இரண்டு நாளில் வைக்க முடியாது. பார்த்த பிறகு, அந்தக் கல்லுக்கு நேர் எதிரே என் புது அடுக்கு தெரியும். அதன் இடப்பக்கம் இறங்கவும். எழுதிய இடத்தில் கட்டியிருக்கிறேன். 2012-லும் எழுதிய இடத்தில்தான் கட்டினேன். டெல்ஃபீனா ரூப்பன்."

பருத்த அம்மாள் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய், மூக்கு சுவரில் இடிக்கும்படி பார்த்தாள். "ஆமா," என்றாள், "மூணு கல்லு. யாரோ கையால வச்ச மாதிரிதான் இருக்கு."

கமில் பேனாவை எடுத்து நோட்டின்மேல் வைத்தார். எஃப்ரேம் அதைத் தொடவில்லை.

"டெல்ஃபீனா," என்றான் மெதுவாக, "நாளைக்கு நீயே இவங்கள கூட்டிட்டுப் போயேன். நான் இப்படியே கீழ இறங்கிடறேன். உனக்கும் அதானே வேணும்?"

"எனக்கு அது வேணாம்" என்றாள் அவள். "நீ வாசிச்ச, நீ கையெழுத்துப் போடு. நாளைக்கு நீயே முன்னாடி போ. நான் பின்னாடி வர்றேன். யாருக்காவது பஞ்சர் ஆனா ஒட்டணுமில்ல?"

இருபது பேர் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் போட்டான். பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்திப் போட்டான். கமில் பானையைத் திறந்தார். பழிவாங்கினால் மனசு வெறிச்சென்று ஆகிவிடும் என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டிருந்தாள் டெல்ஃபீனா. அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள், பாலாடைக்கட்டியைப் பெரிய துண்டாக வெட்டிக்கொண்டாள், நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை கயிற்றைக் கட்டிக்கொண்டு, சைக்கிள்களைத் தோளில் போட்டுப் பனியாற்றைக் கடந்தார்கள். எஃப்ரேம் முன்னால் போனான். பிளந்த பாறையில் எல்லோரும் நின்றார்கள். பருத்த அம்மாள்தான் நடுக்கல்லைத் தூக்கினாள். துரு, வட்டம், கீறிய வருஷம். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பிறகு கல்லை இருந்தபடி வைத்துவிட்டு, எஃப்ரேமைப் பார்த்தார்கள்.

அவன் சைக்கிளில் ஏறப் போனான்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் டெல்ஃபீனா. "தள்ளினவன் கட்டாம நகரக் கூடாதே. உனக்கு யாரும் சொல்லித்தரலையா?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு, டெல்ஃபீனா."

"ஆமா. லேட்டாதான் கட்டற."

கற்கள் கீழே கிடந்தன. அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஐம்பத்தேழு வயது, முதுகு வலிக்கத்தான் வலித்திருக்கும். ஓர் இளைஞன் உதவப் போனான். டெல்ஃபீனா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பையிலிருந்து உலர்ந்த மாட்டிறைச்சியை எடுத்துச் சீவிச் சீவித் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கல்லு ஆடுது, எடுத்துட்டு வேற வை" என்று இரண்டு முறை சொன்னாள். இடுப்பளவுக்கு வரும்வரை யாரையும் கிளம்ப விடவில்லை.

கடைசிக் கல்லை வைத்துவிட்டு எஃப்ரேம் நிமிர்ந்தான். உள்ளங்கையில் ரத்தம். "இப்ப உனக்குப் போதுமா?" என்றான்.

டெல்ஃபீனா சீட்டுக்கு அடியில் இருந்த பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கடிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் எண்ணெய்க் கறை இருந்தது. அவன் கையைத் தானே பிடித்து விரித்து, அதில் வைத்தாள்.

"இது உனக்கு வந்தது. விலாசம் தப்பா எழுதிட்டாரு, அதான் இத்தனை நாள் என்கிட்ட இருந்துச்சு" என்றாள். "அனுப்பினவர் முகவரி பின்னால இருக்கு. பதில் எழுது. நான் எழுத முயற்சி பண்ணிட்டேன், எனக்கு வரல."

அவன் பிரித்துப் படிக்க ஆரம்பித்தபோது அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள். புது அடுக்கின் இடப்பக்கமாக, பிரேக்கைத் தொடாமல் கீழே இறங்கினாள்.